ஐந்தாம் வகுப்பும் மீத்திறனும்

இலங்கையில் மீத்திறன் வாய்ந்த ஆரம்பப் பள்ளி மாணவருக்கு மேலதிகக் கல்வி வளம் வழங்கும் முயற்சியின் வரலாறு, கல்வியமைச்சர் கன்னங்கரா 1940களில் விரிவுபடுத்திய மத்திய கல்லூரிகளோடு பிணைந்தது. ஐந்தாம் வகுப்பில் நடாத்தப்பட்ட புலமைப்பரிசில் பரீட்சையின் வழி தெரிவான கிராமப் பிள்ளைகளுக்கு விடுதி வசதி, ஆங்கிலம், விஞ்ஞான ஆய்வுகூடம் என நகர்ப்புற உயர்குழாத்தினர் மட்டுமே துய்த்தவை கிட்டின. இதன் முற்போக்குத் தன்மை மறுக்கவியலாதது.

ஆயினும் திறமை எங்கே தேடப்பட்டது? மலையகத் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிவடைந்தன. பலவற்றில் ஓராசிரியரே எல்லா வகுப்புகளுக்கும் கற்பித்தார். பிற இடங்களில் அரசு மீத்திறனைத் தேடிய அதே வயதில், தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குப் படிப்பே முடிந்துவிட்டது. ஆற்றல் இல்லாமையன்று, அதனைக் கண்டறிய வேண்டிய தேவை எவருக்கும் இல்லாமையே காரணம். தோட்ட நிருவாகத்துக்கு வேண்டியிருந்தவை கொழுந்தெடுக்கும் கைகள். (இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்ததைப் போற்றும் நூல்கள் பலவும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன.) இப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களிலேயே வேகங்கொண்டது.

அதற்குள் பரீட்சையின் இயல்பும் மாறத் தொடங்கியிருந்தது. கிராமத்துக்குக் கதவு திறந்த அது, பிரபல நகரப் பாடசாலைகளுக்கான நுழைவுச்சீட்டாகியது. தனியார் வகுப்புக்குப் பணம் செலுத்தக்கூடிய குடும்பங்கள் அதற்குத் தம் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கின்றன; பத்து வயதுக்குள் மாதிரி வினாத்தாள்களை மனனஞ்செய்யும் அப்பழக்கத்துக்கும் மீத்திறனுக்கும் தொடர்பு சொற்பமே.