கிளை பிரிந்த காலமும் தீவேறிய காலமும்: எம் 31, எம் 32 குறித்து ஒரு மறுவாசிப்பு

அந்தமான் தொல்குடியினர் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட முதல் மனித அலையோடு வந்து, 50,000 முதல் 70,000 ஆண்டுகளாகத் தீவிலேயே தனித்து வாழ்ந்தவர்கள் என்ற கூற்று இன்று விவாதத்துக்கு அப்பாற்பட்டதுபோல் எடுத்தாளப்படுகிறது. அதன் ஆணிவேர் ஒரு சிற்றறிக்கை. ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் உள்ளிட்டோர் 2005இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. அதன் ஆய்வகப் பணியில் எனக்கு ஐயமில்லை. காலம் குறித்து அது சொன்னதும், பின்வந்த ஒரு சாரார் அதைப் பெருக்கிச் சொன்னதும்தான் தரவின் தாங்குதிறனை மீறுகின்றன.

அந்தமான் தொல்குடிகளில் ஓங்கேயர் ஐவர், கிரேட் அந்தமானியர் ஐவர்; அவர்களோடு நிக்கோபாரியர் ஐவர். இவர்களின் தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ 16,569 எழுத்தும் விடாமல் வாசிக்கப்பட்டது. நிக்கோபாரியரின் தாய்வழிகள் தென்கிழக்காசியாவோடு சேர்ந்தன. அதில் தகராறு இல்லை. ஓங்கேயரிடமும் கிரேட் அந்தமானியரிடமும் எம் என்னும் பெருங்கிளையிலிருந்து நேராகப் பிரியும் இரண்டு புதிய கிளைகள் கிடைத்தன: எம் 31, எம் 32. அன்று கைவசமிருந்த நிலப்பகுதித் தரவில் இவற்றுக்கு உறவு காணவில்லை. எனவே இவை தீவிலேயே தனித்து வளர்ந்தவை, முதல் கடலோரப் பெயர்ச்சியின் எச்சங்கள் என்று முடிவு கட்டப்பட்டது. 'அநேகமாக' என்ற காப்பு மூலத்தில் உண்டு. மேற்கோள் காட்டியவர்கள் அதை உதிர்த்துவிட்டார்கள்.

இந்த வாதத்தில் ஒரு தாவல் மறைந்திருக்கிறது. ஒரு கிளை எம்மிலிருந்து எப்போது பிரிந்தது என்பதைத்தான் வரிசை சொல்லும். எங்கே பிரிந்தது என்பதைச் சொல்லாது. பாகப்பிரிவினை நடந்த ஆண்டை வைத்து, தம்பி கப்பலேறிய ஆண்டைக் கணக்கிட முடியுமா? பிரிவு நிலப்பகுதியில் நிகழ்ந்து, பல்லாயிரம் ஆண்டு கழித்து ஒரு பிரிவினர் மட்டும் கடல் கடந்திருந்தாலும் வரிசையில் தெரிவது இதே காட்சிதான்.

இது வெறும் சாத்தியப்பாடு அல்ல. 2006இல் அதே இதழில் வந்த மறுப்பு, இந்தியாவின் வடகிழக்கைச் சேர்ந்த ராஜ்பன்ஷி மக்களில் இருவரிடம் எம் 31இன் உடன்பிறப்புக் கிளையைக் காட்டியது. பிறகு கிழக்கிந்தியப் பழங்குடிகள் சிலரிடமும் எம் 31 தென்பட்டது. எம் 32இன் ஒரு கிளை மடகாஸ்கரில் கிடைத்திருக்கிறது. அது தென்கிழக்காசியாவிலிருந்து சென்றது என்பதே பொதுக் கருத்து. ஆக, இரு கிளைகளுமே தீவின் தனிச்சொத்து அல்ல. தீவுக் கிளையும் நிலக் கிளையும் சந்திக்கும் கணுவுக்குப் பின்னர்தான் குடியேற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும். தீவிலிருந்து சிலர் திரும்பிப் போய் நிலத்தில் பரவியிருக்கலாமே என்று ஒரு பதில் வரும். நாலாபுறமும் சிதறிக் கிடக்கும் கிளைகளுக்கு அந்தப் பதில் போதாது.

காலக்கணிப்பைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். அக்காலத்தில் வழங்கிய கடிகாரம், குறியீட்டுப் பகுதியில் 5,140 ஆண்டுக்கு ஒரு மாற்றம் என்பது. ஒரு கிளையில் பத்து மாற்றங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 51,400 ஆண்டு. ஆனால் பத்து என்ற எண்ணிக்கைக்கே மூன்றுக்குச் சற்று மேற்பட்ட திட்ட விலக்கம் உண்டு. அதாவது, கூடவோ குறையவோ சுமார் 16,000 ஆண்டு. 35,000 என்றும் சொல்லலாம், 67,000 என்றும் சொல்லலாம். இந்த அகலமான இடைவெளியில் 'முதல் அலை'யின் காலமும் அடங்குவதால் அதைத் தேர்ந்தார்கள். வரிசை அதைத் தேர்ந்து தரவில்லை.

'ஐவர்' என்ற எண்ணும் பார்வைக்குத் தோன்றுவதைவிடச் சிறியது. கிரேட் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். இன்று ஸ்ட்ரெய்ட் தீவில் வாழ்வோர் அந்தப் பத்தொன்பது பேரின் வழியினர். இவர்களில் ஐவரைத் தேர்ந்தால், தாய்வழியில் அவர்கள் ஒரே கொள்ளுப்பாட்டியின் வழியினராக இருக்க வாய்ப்பு அதிகம். ஓங்கேயரும் 1901இல் 672 பேர், 2011இல் 101 பேர். நோயாலும் நிலப்பறிப்பாலும் அழிந்த தாய்வழிகள் எத்தனை என்பதை உயிரோடிருப்போரின் இரத்தம் காட்டாது. இதே காரணத்தால், தீவுக்குள் வேறுபாடு குறைவு என்று காட்டி மிக அண்மைக் குடியேற்றத்தை நிறுவ முயலும் எதிர்த்தரப்போடும் நான் சேர முடியாது. சரிவுக்குப் பின் எஞ்சிய மரம் எப்போதும் இளமையாகவே தோன்றும்.

அந்தமானியரிடம் காணப்படும் தந்தைவழி டி கிளை, திபெத், ஜப்பான் கிளைகளிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்தது என்பதை 'முதல் அலை' தரப்பினர் துணைக்கழைப்பார்கள். அதுவும் பிரிவின் காலமே. மறுபடி அதே தாவல். தொல்லியலும் அவர்களுக்கு உதவாது: அந்தமானின் சவுல்தாரிச் சிப்பிக்குவியலின் அடிமட்டக் காலம் சுமார் 2,200 ஆண்டுதான். பனியுகத்தில் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்ததால் பழைய கரைகள் மூழ்கிப்போயின என்பது உண்மை. ஆனால் மூழ்கிய கரை எந்தத் தரப்புக்கும் சாட்சி சொல்லாது. கடல் தாழ்ந்து, பர்மியக் கரையோடு இருந்த இடைவெளி குறுகிய அந்தக் காலத்தையே குடியேற்றத்துக்கு உரியதாக நான் கருதுகிறேன். நிறுவிவிட்டேன் என்று சொல்லவில்லை.

நிறுவ ஒரு வழி உண்டு. மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1906 முதல் 1908 வரை அந்தமானில் கள ஆய்வின்போது சேகரித்த தலைமுடி கேம்பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தது. வேரில்லாத முடியிலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எஞ்சும்; ஓர் உயிரணுவில் அது நூற்றுக்கணக்கான படிகளாக இருப்பதே காரணம். 2003இல் அந்த முடியிலிருந்து சிறு பகுதிகளை மட்டுமே வாசித்தார்கள். சிதைந்த துண்டுகளைக் கோத்து முழுவரிசை பெறும் கருவிகள் இன்று இருக்கின்றன. 1961இன் பத்தொன்பது பேருக்கு முந்தைய தாய்வழிகள் அந்த முடியில் இருக்கக்கூடும். எம் 31, எம் 32 ஆகிய இரண்டைத் தவிர வேறு கிளை ஒன்று அதில் அகப்பட்டால், 2005இன் மரத்தை அடியிலிருந்து மறுபடி வரைய வேண்டிவரும். அதற்கு முன் ஸ்ட்ரெய்ட் தீவில் இருப்பவர்களின் இசைவைக் கேட்டாக வேண்டும். 1906இல் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.