அணுசக்தி நீர்மூழ்கியும் அத்மிரல் றிக்கோவரும் – ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாற்றைத் தனிமனிதரின் வரலாறாக எழுதும் மரபு மேலை நாடுகளில் வலுவானது. அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஹைமன் ஜோர்ஜ் றிக்கோவர் ‘அணுசக்திக் கடற்படையின் தந்தை’ என வழங்கப்படுவதும் இம்மரபின் வழிப்பட்டதே. ஆயின், கப்பலை அணுசக்தியால் இயக்கலாம் என்னும் கருத்து அவருடையதன்று. கடற்படை ஆய்வுகூடத்துப் பௌதிகவியலாளர் றொஸ் கண் 1939 இலேயே அதனை முன்வைத்திருந்தார். 1946 இல் பிலிப் ஏபல்சன் அதுபற்றிய அறிக்கையொன்றைத் தயாரித்தார். அவ்வாறாயின் றிக்கோவரின் பங்கு யாது?

முதலிற் பிரச்சினையின் இயல்பை நோக்குதல் பொருந்தும். இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கி, வேண்டும்போது சிறிது நேரம் மூழ்கக்கூடிய மேற்பரப்புக் கப்பலேயன்றி வேறன்று. டீசல் இயந்திரத்துக்குக் காற்று வேண்டும். நீரினுள் மின்கலங்களே துணை. அவற்றின் சக்தி தீர்ந்ததும் கப்பல் மேலெழ வேண்டும். அணுவுலைக்கோ ஒட்சிசன் வேண்டியதில்லை. எனினும், கப்பலின் ஒடுங்கிய உடலினுள் அடங்கி, மாலுமிகளைக் கதிர்வீச்சிலிருந்து காத்து, கடலின் அசைவையும் தாங்கி இயங்கும் உலை 1946 இல் எங்கும் இருக்கவில்லை. கருத்துக்கும் கலத்துக்கும் இடைப்பட்ட இத்தூரமே றிக்கோவரின் களமாயிற்று.

றிக்கோவர் 1900 இல், அன்று ருசியப் பேரரசுக்குட்பட்டிருந்த போலந்தில், யூதத் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே அமெரிக்காவிற் குடியேறியவர். 1922 இல் அனாப்பொலிஸ் கடற்படைக் கழகத்திற் பயிற்சி முடித்தார். பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்றார். போர்க்காலத்திற் கப்பல்களின் மின்னியற் பிரிவை வழிநடத்திய அவர், 1946 இல் ஓக் றிட்ஜ் அணுசக்தி நிலையத்துக்கு அனுப்பப்பட்டார்.

அவரது உண்மையான சாதனை நிருவாகத் துறையைச் சார்ந்தது. 1949 முதல் கடற்படையின் கப்பற் பணியகத்திலும், குடிசார் நிறுவனமான அணுசக்தி ஆணைக்குழுவிலும் ஏககாலத்திற் பதவி வகித்தார். ஒன்றில் கோரிக்கை விடுப்பவரும் மற்றொன்றில் அதனை ஏற்பவரும் அவரே. இவ்விரட்டைப் பதவியால், உலையின் வடிவமைப்பு முதல் மாலுமிகளின் தெரிவு வரை அனைத்துக்கும் பொறுப்புடைய ஒரே நிறுவனம் உருவாயிற்று. எரிபொருளுக்கு உறையிட நியூத்திரன்களை மிகக் குறைவாக உறிஞ்சும் சேர்க்கோனியம் உகந்தது; ஆனால் அதனோடு கலந்து கிடைக்கும் ஹப்னியம் அவற்றைப் பெருமளவில் உறிஞ்சுவது. இரண்டையும் பிரித்தெடுக்கும் பாரிய உற்பத்தி முறையே இத்திட்டத்துக்காக வளர்க்கப்பட்டது. பிரிக்கப்பட்ட ஹப்னியமும் வீண்போகவில்லை. உலையைக் கட்டுப்படுத்தும் கோல்களுக்குப் பயன்பட்டது.

ஐடஹோப் பாலைநிலத்தில் அமைக்கப்பட்ட மாதிரி உலை 1953 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. 1954 ஜனவரியில் ‘நோட்டிலஸ்’ நீரில் இறக்கப்பட்டு, 1955 ஜனவரி 17 இல் அணுசக்தியாற் கடலிற் சென்றது. 1958 ஆகஸ்ட் 3 இல் அது பனிக்கட்டியின் கீழாக வடமுனையை அடைந்தது.

இவ்வெற்றியைத் தனிமனித ஆற்றலால் மட்டும் விளக்க முடியாது. 1951, 1952 ஆகிய இரு ஆண்டுகளிலும் கடற்படைத் தெரிவுக்குழு றிக்கோவருக்குப் பதவியுயர்வு வழங்கவில்லை. 1953 இல் செனற் சபை தலையிட்ட பின்னரே அவர் அத்மிரல் தரத்துக்கு உயர்ந்தார். 1949 இற் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைப் பரிசோதித்ததை அடுத்து விரைவுபெற்ற ஆயுதப் போட்டியே, இத்திட்டத்துக்கு நிதியையும் அரசியல் ஆதரவையும் அளித்தது எனலாம்.

விளைவுகளும் கப்பலோடு நிற்கவில்லை. 1960 ஜூலையில் ‘ஜோர்ஜ் வாஷிங்டன்’ நீர்மூழ்கி, நீரடியிலிருந்தே பொலாறிஸ் ஏவுகணையைச் செலுத்தியது. 16 ஏவுகணைகளைத் தாங்கிய அக்கலம் மாதக்கணக்கில் மறைந்திருக்க வல்லதாயிற்று. மறுபுறத்தில், றிக்கோவரின் குழு 1957 இல் ஷிப்பிங்போர்ட் மின்னிலையத்தை அமைத்தது. நீர்மூழ்கிக்கென வளர்ந்த அமுக்கநீர் உலையே பின்னர் உலகின் மின்னிலையங்களிற் பெரும்பான்மையாக வழங்கும் வகையாயிற்று. போரின் தேவை அமைதிக்காலத் தொழில்நுட்பத்தின் வடிவத்தையும் வரையறுத்தமைக்கு இது தக்க சான்றாகும்.

பொறுப்பு ஒருவரிடம் சுட்டிக்காட்டத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது றிக்கோவர் வலியுறுத்திய கோட்பாடு. அவரும் அதற்கு விலக்கல்லர். கப்பல் கட்டும் ஒப்பந்தநிறுவனமொன்றிடம் பரிசுகள் பெற்றமைக்காக 1985 இற் கண்டனத்துக்குள்ளானார். எனினும், 63 ஆண்டுச் சேவையின் முடிவில், 1982 ஜனவரியிற் காங்கிரஸ் குழுவொன்றின் முன் அவர் கூறியவை கவனத்துக்குரியன. தாம் ஆற்றிய பங்கையிட்டுப் பெருமையில்லை என்றும், நாட்டின் பாதுகாப்புக்குத் தேவையென்பதாலேயே அதனைச் செய்ததாகவும், அணுசக்திக் கப்பல்கள் யாவற்றையும் மூழ்கடிக்கவே விரும்புவதாகவும் அவர் உரைத்தார்.

இதுகாறும் கூறியவற்றால், றிக்கோவர் கருத்தைத் தோற்றுவித்தவரல்லர், அதனை நிறைவேற்றும் நிறுவனத்தை ஆக்கியவர் என்பது பெறப்படும். ஓர் உலைக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு அந்நிறுவனம் விடை கண்டது. அவ்வுலையைச் சுமந்த கலம் எதன்பொருட்டு என்ற வினாவையோ, அவர் ஓய்வுபெறும் வேளையிலேயே வெளிப்படையாக எழுப்பினார். அப்போது அக்கலங்கள் நூற்றுக்கு மேற்பட்டிருந்தன.