இருதலை முளையமும் ஹில்டே மாங்கோல்டும்

ஒற்றைக் கலத்திலிருந்து மூளையும் முள்ளந்தண்டும் குடலும் எவ்வாறு பிரிந்து தோன்றுகின்றன? இதனை அறிய ஜேர்மனிய அறிஞர் ஹான்ஸ் ஸ்பேமன் கையாண்ட கருவி, கைக்குழந்தையொன்றின் மெல்லிய தலைமயிரே. பல்லியை ஒத்த நியூற் என்னும் நீர்ப்பிராணியின் முட்டையை அம்மயிரால் அவர் இறுக்கிக் கட்டினார். ஒருவகையாய்க் கட்டியபோது இரு முழுப் பிராணிகள் தோன்றின. வேறொருவகையாய்க் கட்டியபோதோ ஒரு பாதியே உருப்பெற, மறுபாதி நரம்பும் முதுகுமற்ற வெறும் வயிற்றுப் பிண்டமாயிற்று. கட்டு அரைகுறையாய் இறுகின் இருதலைக் குட்டி. ஊனமென்று இவற்றை எறிந்திருந்தால் ஆராய்ச்சி அங்கேயே நின்றிருக்கும்.

பிண்டமான பாதியில் இல்லாதது யாது? பிறைபேர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்பேமனின் மாணவியான ஹில்டே மாங்கோல்ட், நிறம் வெளிறிய நியூற் முளையத்தின் முதுகுப்புறத்துச் சிறு துண்டை வெட்டி, நிறங்கொண்ட வேறினத்து முளையத்தின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினார். பெரும்பாலானவை இறந்தன. எஞ்சிய சிலவற்றில் வயிற்றின்மீது இரண்டாவது உடலொன்று அரும்பிற்று. அதன் நரம்புக் குழாயோ பெரும்பாலும் நிறங்கொண்ட கலங்களால் ஆனது. அஃதாவது, வயிற்றுத் தோலாக வேண்டிய அயற்கலங்களை ஒட்டிய துண்டு ஏவி நரம்பாக்கிற்று! அத்துண்டு ‘ஒழுங்கமைப்பி’ எனப் பெயர்பெற்றது.

ஆய்வுரை 1924 இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே வீட்டு அடுப்பு விபத்தில் மாங்கோல்ட் தீக்காயமுற்று இறந்தார், வயது 25. நோபல் பரிசு 1935 இல் ஸ்பேமனுக்கு மட்டுமே கிட்டியது.

முதிர்ந்த கலத்தின் கருவை, கரு நீக்கிய முட்டையில் இட்டால் யாது நிகழுமென ஸ்பேமன் 1938 இல் வினவினார். 1996 இல் ஸ்கொத்லாந்தில் டொலி என்னும் ஆட்டுக்குட்டி பிறந்தது. அவ்வாறு ஆக்கிய 277 முட்டைகளுள் உயிருடன் பிறந்தது அஃதொன்றே.