மார்கழி மைதானம்: சென்னை ஓப்பன் குறித்துச் சில பக்கங்கள்

நெல்லிக்குப்பத்தில் மார்கழி என்றால் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் வரிசைகட்டும் காலம். சற்றுத் தெற்கே சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். இவ்விரண்டுக்கும் நடுவே, தொலைக்காட்சி வழியாக எங்களுக்கு வாய்த்த மூன்றாவது விழா ஒன்றுண்டு. நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பன் அது.

1996இல் புது தில்லியில் தொடங்கிய போட்டி, மறு ஆண்டே சென்னைக்கு வந்தது. மதராஸ் தன் பெயரைச் சென்னை என்று மாற்றிக்கொண்டு அப்போது ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. 1995ஆம் ஆண்டின் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுப்பிய அரங்கம் தயாராக இருந்தது. புரவலர் மாறப் பெயரும் மாறியது: கோல்ட் ஃபிளேக் ஓப்பன், டாடா ஓப்பன், பிறகு சென்னை ஓப்பன். மூச்சுப் பிடித்து ஓடும் ஆட்டத்துக்கு ஒரு சிகரெட்டின் பெயர் என்பது அன்று யாருக்கும் முரணாகத் தோன்றவில்லை போலும்.

அமைப்பு எளியது. 2009 முதல் இது வெற்றியாளருக்கு 250 தரவரிசைப் புள்ளிகள் தரும் அடுக்கைச் சேர்ந்தது. ஏடிபி சுற்றில் அதுவே அடிப்படி. மூன்று செட்களில் இரண்டை வென்றால் போதும். கடைசி ஆண்டுகளில் ஒற்றையர் பிரிவில் 28 பேர். முதல் நான்கு தரநிலை வீரர்கள் நேரே இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். எஞ்சிய 24 பேர் மோதிப் பன்னிருவராகக் குறைய, பதினாறு பேர் கணக்கு நிறையும். அமைப்பாளர்கள் தம் விருப்பப்படி அளிக்கும் சில சிறப்பு அனுமதிகளும் உண்டு. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே வாசல்.

அவ்வாசல் வழியே 2009இல் நுழைந்தவர் சோம்தேவ் தேவ்வர்மன். இரண்டு முறை இங்கே கோப்பை வென்ற கார்லோஸ் மோயாவை வீழ்த்தினார். நெடிய சர்வீஸுக்குப் பேர்போன இவோ கார்லோவிச்சையும் வென்றார். இறுதியில் மரின் சிலிச்சிடம் தோற்றார். இருபத்தொரு சென்னைப் பதிப்புகளில் ஒற்றையர் இறுதியை எட்டிய இந்தியர் அவர் ஒருவரே. இரட்டையரில் கதை வேறு: பயஸும் பூபதியும் ஐந்து முறை வென்றார்கள்.

ஆயினும் எங்கள் நினைவில் அழியாதது 2008தான். அரையிறுதியில் ரஃபேல் நடாலும் மோயாவும், மயோர்க்கா தீவின் இரு நண்பர்கள், நான்கு மணி நேரத்துக்கு ஆறு நிமிடம் குறைவாக ஆடினார்கள். மூன்று செட்டும் டைபிரேக்கர். நான்கு மேட்ச் பாயிண்ட்களிலிருந்து தப்பி நடால் வென்றார். மறுநாள் இறுதியில் மிகயீல் யூஸ்னியிடம் 6-0, 6-1 எனச் சரிந்தார். முந்தைய இரவைக் கண்டவர்கள் எவரும் அதைத் தோல்வி என்று கணக்கெழுத மாட்டார்கள்.

வாவ்ரிங்கா நான்கு முறை கோப்பை வென்றார். 2017இன் தொடக்கத்தில் பௌதிஸ்தா அகுத், மெத்வெதேவை வென்றதே கடைசி இறுதியாட்டம். நடத்தும் உரிமை தனியார் நிறுவனத்தினுடையது. ஊருக்கு அதில் பாத்தியதை இல்லை. 2018இல் போட்டி புணே சென்றது. அங்கும் 2023உடன் முடிந்தது. அதன்பின் ஆடவர் ஏடிபி சுற்றின் எந்தப் போட்டியும் இந்தியாவில் இல்லை.

நுங்கம்பாக்கத்துக்கு 2022இல் பெண்கள் வந்தார்கள். செக் நாட்டின் பதினேழு வயது லிண்டா ஃப்ருவிர்தோவா கோப்பையை ஏந்தினார். அது செப்டம்பர் மாதம். இங்கே ஆலைக்குக் கரும்பு வரத் தொடங்கியிருக்கவில்லை.