மீந்த கோழியும் மதிய உணவுப் பெட்டியும்

தலைநகரில் அலுவல் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிறு இரவுக்கும் திங்கட்கிழமை காலைக்கும் இடையே ஒரு சிறு சிக்கல் எழுவதுண்டு. ஜனக்புரிச் சந்தையில், தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு வாங்கி வந்த கோழியில் கால் பங்கு மீந்து கிடக்கிறது. விடிந்து எட்டு மணிக்கெல்லாம் மெட்ரோ ரயிலைப் பிடித்தாக வேண்டும். அந்தக் கால் பங்கை என் செய்வது? இஃது அற்பமான வினா என்று நேயர்கள் நகைத்துவிடலாகாது. இதே வினாவுக்கு டில்லி தரியாகஞ்சில் ஓர் உணவுச்சாலை கண்ட விடை உலகமெங்கும் பரவி, முடிவில் 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் டில்லி உயர்நீதிமன்றத்தின் படியும் ஏறிவிட்டது.

வரலாற்றுக்குள் புகுமுன் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அது பழகிப்போன குற்றம், நேயர்கள் பொறுத்தருள்க. மீந்த உணவைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் அன்று, பல சொற்கள் உண்டு. மிச்சம், மீதி, எச்சம், பழையது, எச்சில் என்று அடுக்கலாம். இவற்றுள் எச்சில் ஒன்று மட்டும் தனிச் சாதி. வாய்பட்ட உணவே எச்சில். பாத்திரத்தில் எவர் கையும் படாமல் எஞ்சியது எச்சில் ஆகாது. இந்தியிலும் இந்த வேற்றுமை உண்டு. அங்கே ஜூட்டா வேறு, பசா ஹுவா வேறு. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் இவ்விரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது.

இதை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாம் டில்லிக்கு வந்த புதிதில், ஒரு திங்கட்கிழமை நண்பகல் உணவு வேளையில், நம் பெட்டியைத் திறந்ததும் அருகிலிருந்த நண்பர் ஒருவர், “நேற்றைய எச்சிலா?” என்று வேடிக்கையாகக் கேட்டுவிட்டார். அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆயினும் மாலையில் அச்செய்தி நம் இல்லத்தை எட்டியது. அதன் பின் பல மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோழியில் எஞ்சியது குப்பைக் கூடைக்கே போயிற்று. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒருவர் செய்த வேலையை ஒரு சொல் பழித்துவிட்டது. அந்நாளில் தரியாகஞ்சின் கதையை நாம் அறிந்திருந்தோமானால் நண்பருக்கு அங்கேயே விடையிறுத்திருப்போம்.

கோழியை நெருப்பில் வாட்டி உண்பது தமிழருக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், மருத நிலத்து ஊரார் பாணர்க்கு வெண்ணெற் சோற்றோடு வீட்டுக் கோழியின் ‘வாட்டு’ அளிக்கும் செய்தி வருகிறது. வாட்டு என்னும் அழகிய சொல்லை நாம் ஏனோ கைவிட்டு, வறுவல் என்றும் ரோஸ்ட் என்றும் வழங்குகிறோம். கட்டுச்சோறு என்னும் சொல்லையாவது இன்னும் வைத்திருக்கிறோம். வழிநடைக்கு உணவு கட்டிச் செல்வது நம் பழைய வழக்கம். மதிய உணவுப் பெட்டி அதன் பேரப்பிள்ளை எனலாம்.

தந்தூர் அடுப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. அதன் பெயர் பாரசீகத்தின் வழியே பண்டை மெசப்பொத்தாமிய மொழி வரை செல்கிறது. பஞ்சாபுக் கிராமங்களில் ‘சாஞ்சா சூல்ஹா’ என்னும் பொது அடுப்பு இருந்தது. பெண்டிர் வீட்டில் பிசைந்த மாவைக் கொணர்ந்து அவ்வடுப்பில் ரொட்டி சுட்டு எடுத்துச் செல்வர். ரொட்டிக்கென எழுந்த அடுப்பில் முழுக் கோழியைக் கம்பியில் கோத்து இறக்கி, அதனை உணவுச்சாலைப் பண்டமாக்கிப் புகழ் பெற்றவர்கள் பெஷாவர் நகரத்தார். அங்கே மோகா சிங் என்பவர் நடத்திவந்த உணவுச்சாலையில் இளமையில் பணிபுரிந்தவர் குந்தன்லால் குஜ்ரால்.

1947-ல் நாடு பிரிந்தது. பெஷாவர் பாகிஸ்தானுக்குள் போயிற்று. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களால் டில்லி நிரம்பியது. 1941-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 9 லட்சத்து 18 ஆயிரமாக இருந்த டில்லி மக்கள் தொகை 1951-ல் 17 லட்சத்து 44 ஆயிரமாகப் பெருகிற்று. அவர்களுள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் அகதிகள். இன்று ஜனக்புரிக்கு அண்டையில் இருக்கும் திலக் நகரும் அவ்வாறு வந்தவர்கள் குடியேறிய இடமே. இழந்த நிலத்தைத் தூக்கி வர இயலாது. கைப்பழக்கத்தையும் நாவின் நினைவையும் எவரும் பறிக்க இயலாது. அவற்றைக் கொண்டு வந்தார்கள். குஜ்ரால், குந்தன்லால் ஜக்கி முதலிய பங்காளிகளோடு சேர்ந்து தரியாகஞ்சில் மோத்தி மஹால் என்னும் உணவுச்சாலையைத் தொடங்கினார்.

அக்காலத்தில் கோழி மலிவான பண்டமன்று என்பதை நேயர்கள் மறத்தலாகாது. பண்ணைக் கோழித் தொழில் நம் நாட்டில் ஓங்கியது 1970-க்குப் பிற்பட்ட நிகழ்ச்சி. அதற்கு முன் கோழி விருந்தினர்க்கும் நோயுற்றார்க்கும் உரியது. குளிர்ப்பெட்டியோ அரிதினும் அரிது. உள்நாட்டுத் தயாரிப்பான கோத்ரெஜ் குளிர்ப்பெட்டியே 1958-ல்தான் வெளிவந்தது. ஆகவே, மாலையில் சுட்டு விற்காமற்போன ஒவ்வொரு கோழியும் ஓர் அகதியின் முதலில் விழுந்த ஓட்டை.

அந்த ஓட்டையை அடைத்த வகையில்தான் கதைகள் பிரிகின்றன. தொங்கவிட்ட கோழி காய்ந்து கட்டையாகிறது. அதற்கு ஈரமூட்டத் தக்காளியும் வெண்ணெயும் பாலாடையும் சேர்த்துக் குழம்பு கூட்டினார் குஜ்ரால், அதுவும் பெஷாவரிலேயே, 1930-களில், என்பது ஒரு குடும்பத்தாரின் கூற்று. அப்படியன்று, 1947-ல் டில்லியில், கடை அடைக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் வந்தது. எஞ்சிய சில துண்டுகள் அவர்களுக்குப் போதா. ஆகவே குழம்பைப் பெருக்கிப் பரிமாறினார் ஜக்கி, என்பது மற்றவர் கூற்று. ஜக்கியின் வழிவந்தோர் பங்கு கொண்ட ‘தரியாகஞ்ச்’ என்னும் உணவுச்சாலை 2019-ல் தொடங்கப்பெற்றது. அதன் மேல் குஜ்ரால் குடும்பத்தார் தொடுத்த வழக்கின் மனு 2,700 பக்கங்களுக்கு மேற்பட்டது. கேட்ட இழப்பீடு ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய். ‘பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தவர்’ என்னும் பெயருக்கு உரியவர் எவர் என்பதே வழக்கு.

எவர் கூற்று மெய்யென்று தீர்ப்பது நீதிபதியின் பணி. நமக்கு அதில் உரிமையில்லை. ஒன்று மட்டும் கூறலாம். ஒரு கதையில் கோழி காய்ந்துபோனது. மற்றொரு கதையில் கோழி போதாமற்போனது. இரண்டிலும் கோழி மீந்தது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. குஜ்ரால் 1997-லும் ஜக்கி 2018-லும் காலமாகிவிட்டனர். மீந்ததைப் பயன்படுத்தியது தம் முன்னோரே என்று பெருமையோடு உரிமை கோரி இரு குடும்பங்கள் வழக்காடும் ஊரில்தான் நம் பெட்டி எச்சில் என்று பெயர் பெற்றது.

சுட்ட கோழி மறுநாள் ஏன் சுவை குன்றுகிறது? கடுஞ்சூட்டில் தசை நார்கள் சுருங்கித் தம்முள் இருந்த நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடுகின்றன. மீண்டும் சூடாக்கும்போது எஞ்சிய நீரும் போகிறது. இதனோடு இறைச்சியிலுள்ள கொழுப்பு காற்றோடு கலந்து பழையநெடி ஒன்று பிறக்கிறது. வெங்காயம், கிராம்பு முதலியன அந்நெடியைத் தாமதப்படுத்தும். வெண்ணெயும் தயிரும் வறட்சியை மறைக்கும். மோத்தி மஹாலின் சமையலறையார் விஞ்ஞானம் பயின்றவரல்லர். ஆயினும் கை அறிந்திருந்தது.

இவ்வறிவு டில்லிக்கே உரியதுமன்று. நம் சென்னையில், 1878-ல், கென்னி ஹெர்பர்ட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, வைவர்ன் என்னும் புனைபெயரில், சென்னைவாழ் ஆங்கிலேயர்க்கென ஒரு சமையல் நூல் வெளியிட்டார். மீந்த இறைச்சியை மறுபடி பக்குவம் செய்வதற்கென்றே அதில் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். கல்கத்தாவின் ஆங்கிலேயர் இல்லங்களில், ஆறிப்போன இறைச்சியை மிளகாயும் வெங்காயமும் இட்டு வறுத்து ஜால்ஃப்ரெஸி என்றனர். வைவர்ன் நூலில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னைச் சமையற்காரர் அனைவருக்கும் ‘ராமசாமி’ என்று ஒரே பெயர் சூட்டிவிட்டார். துரையின் மேசைக்கு நேற்றைய கோழியை இன்றைய விருந்தாக்கிக் கொடுத்த கைகள் பலவாக இருக்க, பெயர் ஒன்றுதான். அந்த ராமசாமிகளின் பேரர் எவரும் நீதிமன்றம் சென்றதாகத் தெரியவில்லை.

பட்டர் சிக்கன் சுவையில் மன்னன் எனினும் பயணத்துக்கு ஆகாது. குழம்பு வழியும், கோப்புகளின் மேல் வழிந்தால் என்னாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. வழியில் உண்பதற்கு வகை கண்டது கல்கத்தா. அங்கே புதுச்சந்தைக்கு அருகே 1932-ல் தொடங்கிய நிஜாம் உணவுச்சாலையார், சுட்ட இறைச்சியைப் பராட்டாவுக்குள் வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து கையில் கொடுத்தார்கள். பின்னாளில் இரும்புக் கம்பிக்குப் பதிலாக மூங்கிற் குச்சி வந்தது. குச்சியைக் குறிக்கும் வங்கச் சொல்லால் ‘காட்டி ரோல்’ என்று பெயர் நிலைத்தது. தட்டு வேண்டா, கரண்டி வேண்டா, உட்கார இடமும் வேண்டா. அவசரக்காரருக்கு இதனினும் ஏற்ற உணவு நாம் கண்டதில்லை.

அவசரம் டில்லி அலுவலர்க்கு உடன்பிறந்தது. 1950-களில் தலைமைச் செயலகத்தை நோக்கிக் காலையில் மிதிவண்டிகள் ஆறாக ஓடும்; ஒவ்வொன்றிலும் ஒரு டிபன் கேரியர் தொங்கும். டில்லியிலே தமிழர் அன்றே வேரூன்றியிருந்தனர். தமிழ்க் கல்விக் கழகத்தின் மூலமான மதராஸி கல்விச் சங்கம் 1923-லும் டில்லித் தமிழ்ச் சங்கம் 1946-லும் தோன்றின. பின்னர் நகரம் மேற்கே விரிந்தது. 1970-களில் பங்க்கா சாலைக்கு வடக்கே ஜனக்புரி எழுந்தது. கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் அங்கு அமைந்தது. 1985-ல் மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்றாயிற்று. சனிக்கிழமை கிடைத்தது, அதற்கு ஈடாக நாள்தோறும் வேலை நேரம் நீண்டது. உணவுக்கு அரை மணி நேரம். 2005 டிசம்பர் இறுதியில் மெட்ரோ ரயில் ஜனக்புரிக்கு வந்தது; அதனுள் உண்ணுதல் கூடாது என்பது விதி. ஆகவே அந்த அரை மணியே கதி.

இனி நம் இல்லத்து முறையைக் கூறிவிடுகிறோம். ஞாயிறு இரவு உண்பதற்கு முன்னரே, மறுநாளுக்குரிய பங்கைத் தூய கையால் எலும்பு நீக்கி எடுத்து வைத்துவிடுவது வழக்கம். எச்சில் என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஆறவைக்கிறோம் என்று அதை வெளியில் மறந்துவிடலாகாது. சமைத்த இறைச்சி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருத்தல் தீது. வெப்பம் 32 டிகிரியைக் கடந்தால் ஒரு மணி நேரமே எல்லை. டில்லியின் மே மாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டா. குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம்.

காலையில் வாணலியில் நல்லெண்ணெய் காய்ந்ததும், சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, நாராகக் கிழித்த கோழியை இட்டு, புதிதாகப் பொடித்த மிளகைத் தூவி, ஆவி பறக்கச் சூடேறும் வரை கிளறி இறக்கவேண்டும். தந்தூர் மசாலாவில் உப்பு முன்னமே இருப்பதால் மீண்டும் உப்பிடுதல் வேண்டா. இதனைச் சப்பாத்தியில் பரப்பி, கெட்டித் தயிரில் அரைத்த புதினாத் துவையல் ஒரு கரண்டி தடவிச் சுருட்டினால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. சிலர் ரொட்டித் துண்டுகளுக்கிடையே வைப்பர். நண்பகலுக்குள் அது ஈரத்தில் குழைந்துவிடுகிறது என்பது நம் அனுபவம். எலும்புகளை எறிந்துவிடாமல் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தால் இரவுக்கு ரசம். எட்டு மணிக்குக் கட்டி ஒரு மணிக்கு உண்பதாயின், கோடையில் ஒரு பனிப்பொதியைப் பெட்டியோடு சேர்த்து வைப்பதும், அலுவலகத்தில் குளிர்ப்பெட்டி இருந்தால் போனவுடன் அதில் வைப்பதும் இன்றியமையாதன.

அந்தப் பழைய நண்பர் இன்று வேறொரு பிரிவில் பணிபுரிகிறார். வழக்கின் செய்தி நாளிதழில் வெளிவந்ததைக் காட்டி, அதன் பூர்வ கதையை அவருக்கு எடுத்துரைத்தோம். பஞ்சாபியரான அவருடைய பாட்டனாரும் பெஷாவர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். இத்தனை ஆண்டுகளில் நாம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சற்று நேரம் பேசாதிருந்தவர் பிறகு நம் பெட்டியைத் தம் பக்கம் இழுத்து, சுருளில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டார். அதிலிருந்து திங்கட்கிழமைகளில் நம் இல்லத்தில் ஒரு சப்பாத்தி கூடுதலாக இடப்படுகிறது.