செம்பனை: ஒரே பழத்தில் இரண்டு எண்ணெய்

மலேசியச் சமையலறைகளில் அதிகம் புழங்கும் எண்ணெய் செம்பனை எண்ணெய். அரசாங்க உதவித்தொகையுடன் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கப்படும் ஒரு கிலோ பாக்கெட்டில் இருப்பதும் இதுவே.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1870களில் அழகு மரமாக மலாயாவுக்கு வந்தது. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே அதை முதன்முதலாக வணிகப் பயிராக்கினார். பேராக்கில், தெலுக் இந்தான் அருகே 1906இல் ரப்பர் தோட்டமாகத் தொடங்கிய ஜெண்டராத்தாவும் பின்னாளில் செம்பனைக்குப் பெயர் பெற்றது.

குலை முதல் ஆலை வரை

நட்ட சுமார் 30 மாதங்களில் மரம் காய்க்கும். உதிரிப் பழங்கள் கீழே விழுந்தால் குலை பழுத்துவிட்டது என்று பொருள். இளம் மரத்தில் உளியாலும், உயர்ந்த மரத்தில் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளாலும் குலையை வெட்டுவார்கள். அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் கெடும். அதனால் குலைகளை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்பி, நீராவியில் வேக வைக்க வேண்டும்.

இரண்டு எண்ணெய்

பழத்தின் சதையைப் பிழிந்தால் செம்பனை எண்ணெய். அதன் சிவப்பு நிறத்துக்குக் கரோட்டின் காரணம். சுத்திகரிக்கும்போது நிறம் போய்விடும். சமையலுக்கும், மார்ஜரின், பிஸ்கட், உடனடி மீ தயாரிப்புக்கும் இது பயன்படுகிறது. கொட்டைக்குள் இருக்கும் பருப்பு வேறோர் எண்ணெயைத் தருகிறது. அது பெரும்பாலும் சவர்க்காரத்துக்கும் ஒப்பனைப் பொருள்களுக்கும் போகிறது.

செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ பாதி நிறைகொழுப்பு. கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலா எண்ணெயில் அது சுமார் 7 விழுக்காடுதான். ஆனால் ஒரு ஹெக்டர் செம்பனை, கனோலாவைவிடப் பல மடங்கு எண்ணெய் தரும்.

குறைந்த வேலை

ரப்பர் விலை சரிந்தபோது பேராக்கின் பல தோட்டங்களில் பால்மரங்களை அழித்துச் செம்பனையை நட்டார்கள். பால் வெட்டுக்கு விடியற்காலையிலேயே ஆள் இறங்க வேண்டும். செம்பனையில் ஒரு மரத்துக்கு 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை போனால் போதும். பூக்களுக்கு மகரந்தத் தூளைக் கையால் தூவும் வேலையும் ஆள்களுக்கு இருந்தது. 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டு அந்த வேலையையும் எடுத்துக்கொண்டது.

தோட்டத்தில் வேலை போனால் குடியிருந்த வீடும் போகும். குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன; தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சரிந்தது.