மெக்கானிக்கல் சீல்

பம்பு, கம்ப்ரஸர் போன்ற எந்திரங்களில், சுழலும் தண்டு உறையை விட்டு வெளிவரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் அமைப்பு. தண்டோடு சுற்றும் வளையம் ஒன்று, உறையில் அசையாமல் நிற்கும் வளையம் மற்றொன்று. இவற்றின் முகங்களை ஸ்பிரிங் ஒன்றோடொன்று அழுத்தி வைக்கிறது. இடையே நிற்கும் மைக்ரான் அளவிலான திரவப் படலமே உயவும் குளிர்ச்சியும் தருகிறது. ஆகவே கசிவு அறவே இல்லை என்பது விற்பனைப் பேச்சு. கசிவது ஆவியாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். தண்டைச் சுற்றிக் கயிறு திணிக்கும் பழைய கிளாண்ட் பேக்கிங்கோ வெளிப்படையாகவே சொட்ட வேண்டும். சொட்டாதபடி இறுக்கினால் தண்டு தேயும்.

மயிலாப்பூர், அடையாறு அடுக்ககங்களில் நிலத்தடித் தொட்டியான சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோனோபிளாக் பம்புகளில் பெரும்பாலும் கார்பன், செராமிக் முகங்களே. கோடையில் சம்ப் வற்றியபின்னும் மோட்டார் ஓடினால் படலம் மறைந்து முகங்கள் கொதிக்கும். பிறகு குளிர்நீர் பட்டதும் செராமிக் விரிசல் விடும். மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே சொட்டும் நீர்தான் முதல் அடையாளம். கவனிக்காவிட்டால் பேரிங்கும் வைண்டிங்கும் போகும்.

தென்சென்னைக்குக் குடிநீர் தரும் நெம்மேலி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் (2013; நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்) கையாளுவதைப் போன்ற கடல்நீருக்கு, அரிப்பைத் தாங்கும் சிலிக்கான் கார்பைடு முகங்கள் ஏற்றவை.

சீலை மாற்றும்போது இரு முகங்களையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.